ஏழ்மையும் எடையும்: உடற்பருமன் யாருடைய நோய்?

உடற்பருமன் என்றால் உண்டு களித்து, உழைக்காமல் இருப்பவர்களுக்கு வரும் நோய் என்று நம்மில் பலர் நெடுங்காலமாக எண்ணி வருகிறோம். ‘பணக்கார நோய்’ என்று அதற்குப் பெயரும் இட்டுவிட்டோம். ஆனால் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற மருத்துவமனைக்கு வருவோரில் பலர் ஆட்டோ ஓட்டுநர்கள், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்கள், இரவுக் காவலர்கள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் பத்து மணி நேரம் அமர்ந்திருப்பவர்கள். இவர்களில் எவரும் வசதியான வாழ்க்கை வாழவில்லை. எனினும் எடை கூடியிருக்கிறது. அதனால் வரும் நோய்களும் கூடியிருக்கின்றன.

இது ஏன் நேர்கிறது, மருத்துவர் கூறும் அறிவுரையைக் குறைந்த வருவாய் உள்ள குடும்பம் எவ்வாறு நடைமுறைப்படுத்தலாம், அரசும் சமூகமும் செய்ய வேண்டியவை எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எண்கள் கூறும் செய்தி

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 250 கோடி வயதுவந்தோர் மிகை எடை உடையவர்களாக இருந்தனர். அவர்களுள் 89 கோடிப் பேர் உடற்பருமன் உடையவர்கள்.

தமிழ்நாட்டின் நிலையைத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. 2015-16ஆம் ஆண்டு ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழகப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்களாக இருந்தனர். 2019-21ஆம் ஆண்டு ஆய்வில் அது 40.4 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்களிடையே 28.2 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாக உயர்ந்தது. அதே 2019-21 ஆய்வில் இந்தியப் பெண்களின் சராசரி 24 விழுக்காடு. அதாவது, தமிழகத்தில் பத்துப் பெண்களில் நால்வர் இந்த நிலையில் உள்ளனர்.

இந்தியாவை முழுமையாகப் பார்த்தால், மிகை எடை இன்னும் வசதி படைத்தவர்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் வளர்ச்சி பெற்ற மாநிலங்களின் நகரங்களில் காட்சி மாறத் தொடங்கிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநின்ற பெரிய நீரிழிவு ஆய்வொன்று 2017இல் வெளியானது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் ஆகியவற்றின் நகர்ப்புறங்களில் வசதி படைத்தோரைவிட வசதி குறைந்தோரிடையே நீரிழிவு கூடுதலாக இருப்பதை அது காட்டியது. தமிழக நகரங்களில் வசதி குறைந்தோரிடையே 15.5 விழுக்காடு, வசதி மிக்கோரிடையே 14.3 விழுக்காடு. வேறுபாடு சிறிதாயினும் அதன் திசை கவனிக்கத்தக்கது. இங்கிலாந்து போன்ற செல்வ நாடுகளில் இந்த மாற்றம் முன்பே நிகழ்ந்துவிட்டது. அங்கே வறிய பகுதிகளில் வாழ்வோரிடமே உடற்பருமன் அதிகம்.

வசதி உள்ளவருக்கு எடை கூடினால், அதைக் குறைக்க வழிகள் பல உண்டு. உடற்பயிற்சிக் கூடம், உணவியல் நிபுணர், விருப்பப்படி காய்கனி, ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை என அவருக்கு எல்லாம் எட்டும் தொலைவில் இருக்கின்றன. தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு அரை நாள் மருத்துவமனையில் காத்திருப்பதே ஒரு நாள் ஊதிய இழப்பு. எனவே இருவருக்கும் நோய் ஒன்றாக இருந்தாலும் அதன் விளைவு ஒன்றாக இருப்பதில்லை.

எப்போது எடை மிகை ஆகிறது?

உடல் எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். ஐரோப்பியர்களைவிட நம் உடலில் குறைந்த எடையிலேயே கொழுப்பும் நீரிழிவு ஆபத்தும் கூடிவிடுவதால், இந்தியர்களுக்கு 23 முதல் மிகை எடை என்றும், 25 முதல் உடற்பருமன் என்றும் மருத்துவர்கள் கொள்கின்றனர். எடுத்துக்காட்டாக, 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 55 கிலோவைத் தாண்டினால் மிகை எடை. 60 கிலோவைத் தாண்டினால் உடற்பருமன்.

வீட்டில் எடைக்கருவி இல்லாவிட்டாலும் கவலையில்லை. தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பே இதயத்துக்கும் கணையத்துக்கும் அதிகத் தீங்கு செய்கிறது.

வறுமை எவ்வாறு எடையைக் கூட்டுகிறது?

முதற்காரணம் உணவின் விலை. குறைந்த பணத்தில் வயிற்றை நிறைப்பவை அரிசி, சர்க்கரை, எண்ணெய் ஆகிய மூன்றுமே. தமிழகத்தில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பாமாயிலும் சர்க்கரையும் சலுகை விலையில் கிடைக்கின்றன. பசியைப் போக்கியதில் இத்திட்டத்தின் பங்கு மிகப் பெரியது. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் காய், கீரை, பழம், முட்டை, மீன் ஆகியவற்றைச் சந்தை விலைக்குத்தான் வாங்க வேண்டும். மாதக் கடைசியில் பணம் குறையும்போது முதலில் சுருங்குவது காய்கறிச் செலவே. குழம்பு நீர்த்துப்போகும், தட்டில் சோறு பெருகும்.

இரண்டாவது காரணம் நேரம். விடியற்காலையில் இரண்டு பேருந்து மாறி வேலைக்குச் செல்பவர் காலை உணவைத் தவிர்த்துவிடுகிறார். பத்து மணிக்குப் பசி எடுக்கும்போது அருகில் இருப்பது தேநீர்க் கடை. சர்க்கரை மிகுந்த தேநீரும் இரண்டு வடையும் குறைந்த விலையில் உடனே பசியாற்றும். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பியதும் பெரிய அளவில் ஒரே வேளைச் சோறு. உண்ட உடனே உறக்கம். இந்த ஒழுங்கு நாள்தோறும் தொடரும்போது எடை கூடுவதில் வியப்பில்லை.

மூன்றாவது காரணம் இடம். ‘தினமும் நடையுங்கள்’ என்பது எளிய அறிவுரை. ஆனால் நெருக்கமான குடியிருப்புகளில் நடைபாதை இருப்பதில்லை. இருந்தால் அங்கே வண்டிகள் நிற்கும். தெருவிளக்கு இல்லாத சாலையில் அதிகாலையிலோ இரவிலோ பெண்கள் தனியே நடக்க அஞ்சுவது இயல்பு. நகரின் நடுவிலிருந்து தொலைதூரக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் பலர் நாளின் பெரும்பகுதியைப் பயணத்திலேயே செலவிடுகின்றனர்.

நான்காவது காரணம் உறக்கமின்மையும் மன அழுத்தமும். இரவுப் பணியும் கடன் கவலையும் உறக்கத்தைக் குறைக்கின்றன. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது. வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ஹார்மோன் குறைகிறது. இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் மனம் நாடுகிறது.

ஐந்தாவது காரணம் பிறப்புக்கு முன்பே தொடங்குகிறது. மகாராஷ்டிரத்தின் புனே நகருக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஞ்னிக் குழுவினர் தாய்மார்களையும் குழந்தைகளையும் நீண்ட காலம் ஆராய்ந்தனர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. நம் குழந்தைகள் மெலிந்திருந்தபோதும் குறைந்திருந்தது தசையும் உள்ளுறுப்புகளின் அளவுமே. தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தாயின் வயிற்றில் போதிய ஊட்டம் பெறாத உடல், கிடைக்கும் ஆற்றலைக் கொழுப்பாகச் சேமிக்கப் பழகுகிறது. பின்னாளில் அரிசியும் சர்க்கரையும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்தப் பழக்கமே வயிற்றுப் பருமனாகவும் நீரிழிவாகவும் மாறுகிறது. அன்றைய பட்டினியும் இன்றைய பருமனும் பல குடும்பங்களில் ஒரே வறுமையின் இரு முகங்கள்.

பெண்களின் கூடுதல் சுமை

பல வீடுகளில் எல்லாரும் உண்ட பின் கடைசியில் உண்பவர் தாய். காயும் முட்டையும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கின்றன. அவருக்கு மிஞ்சுவது சோறும் சிறிது குழம்பும். வீணாகக் கூடாது என்று பிள்ளைகள் மீதம் வைத்ததையும் அவரே உண்கிறார். இதனால் ஒரே பெண்ணிடம் உடற்பருமனும் இரத்தசோகையும் சேர்ந்தே காணப்படுவது உண்டு. ‘பருமனாக இருக்கிறாரே, ஊட்டத்திற்கு என்ன குறை’ என்று குடும்பத்தார் எண்ணுவதால் இரத்தசோகை கவனிக்கப்படாமல் போகிறது.

மகப்பேற்றின்போது கூடிய எடை குறையாமலேயே அடுத்த மகப்பேறு வருவதும், நாற்பது வயதுக்கு மேல் முழங்கால் வலியால் நடமாட்டம் குறைவதும், மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வயிற்றுக் கொழுப்பு கூடுவதும் சேர்ந்துகொள்கின்றன. வீட்டு வேலை முழுவதும் உடற்பயிற்சிதானே என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டு வேலையும் உடலுழைப்பே. ஆனால் மூச்சு சற்றே வாங்கும் அளவுக்குத் தொடர்ந்து நடப்பதால் இதயத்துக்குக் கிடைக்கும் பயன், நின்ற இடத்தில் செய்யும் வேலையால் முழுமையாகக் கிடைப்பதில்லை.

குறைந்த செலவில் செய்யக்கூடியவை

உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீரடையத் தொடங்கும். 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தால் அது மருத்துவப் பயனுள்ள வெற்றி. கீழ்க்காணும் மாற்றங்களில் பல, செலவைக் கூட்டாதவை. சில, செலவைக் குறைப்பவை.

1. தேநீரில் சர்க்கரை. ஒரு கோப்பைக்கு 2 தேக்கரண்டி வீதம் நாளுக்கு 4 கோப்பை அருந்தினால் சுமார் 40 கிராம் சர்க்கரை உடலில் சேரும். ஒரு மாதத்தில் அது 1.2 கிலோ. நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நலம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கோப்பைக்கு ஒரு கரண்டி குறைத்தால் மாதம் 600 கிராம் சர்க்கரை மிச்சம். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இதற்கு மாற்று ஆகா, அவையும் சர்க்கரையே.

2. எண்ணெய். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நால்வர் உள்ள வீட்டுக்கு 2 லிட்டர். போத்தலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே பயன்பாடு குறையும். ஒரு முறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்ச வேண்டாம்.

3. தட்டின் ஒழுங்கு. தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன். இன்றே பாதித் தட்டுக்குக் காய் வாங்க இயலாவிட்டால், ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து ஒரு கரண்டிக் கூட்டைச் சேர்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.

4. விலை குறைந்த நல்லுணவு. முருங்கைக்கீரை, சுரைக்காய், பூசணி, வாழைத்தண்டு, முள்ளங்கி ஆகியவை மலைக்காய்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. ஆப்பிளுக்குப் பதில் கொய்யா. சத்துமாவுக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். வஞ்சிரத்துக்குப் பதில் மத்தி, நெத்திலி. நியாயவிலைக் கடையில் சலுகை விலைக்குக் கிடைக்கும் துவரம்பருப்பைத் தவறாமல் வாங்குங்கள். உழவர் சந்தை அருகில் இருந்தால் அங்கே காய்கறி வாங்குங்கள்.

5. சிறுதானியம். கம்பும் கேழ்வரகும் நார்ச்சத்து மிக்கவை, நல்லவை. ஆனால் அவற்றின் ஆற்றல் அளவு ஏறத்தாழ அரிசியின் அளவே. அளவின்றி உண்டால் எடை குறையாது. அழகிய உறைகளில் விலை கூட்டி விற்கப்படும் சிறுதானிய பிஸ்கட்டுகளில் மாவும் சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு என்று உறையில் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

6. நடை. வாரத்தில் 150 நிமிடம் விரைந்து நடப்பது இலக்கு. ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. ஒரு நிறுத்தம் முன்னதாகப் பேருந்திலிருந்து இறங்கி 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். பெண்கள் நால்வராகச் சேர்ந்து நடந்தால் அச்சமும் குறையும்; தொடர்ச்சியும் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் அமர்ந்து செய்யும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக் கற்கலாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் எடையைக் குறைப்பதாக எண்ணி வேளை உணவைத் தவிர்த்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கீரை, பயறு, பழம் ஆகியவற்றின் அளவை மருத்துவரைக் கேட்ட பின்னரே மாற்ற வேண்டும்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பலர் எடையைப் பற்றிய பேச்சு எழுந்தவுடன் தலைகுனிந்து விடுகின்றனர். சொன்னதைக் கடைப்பிடிக்க இயலவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த முறை மருத்துவமனைக்கு வராமலேயே இருந்துவிடுவோரும் உண்டு. அவ்வாறு விலகுவதே பெருந்தீங்கு. உங்கள் வாழ்க்கைச் சூழல் தெரிந்தால்தான் அதற்கேற்ற அறிவுரையை மருத்துவரால் கூற முடியும். எனவே அடுத்த முறை வரும்போது பின்வருவனவற்றைத் தயங்காமல் கூறுங்கள்.

உங்கள் வேலை நேரம் என்ன, இரவுப் பணி உண்டா? பகல் உணவு வீட்டிலிருந்து வருகிறதா, கடையில் உண்கிறீர்களா? வீட்டில் சமைப்பவர் யார்? காய்கறிக்கு வாரம் எவ்வளவு செலவிட இயலும்? நடக்க இடம் உண்டா? இரவில் பலத்த குறட்டையும் மூச்சுத் திணறலும் உண்டா? வேறு எந்தெந்த மருந்துகள் எடுக்கிறீர்கள்?

கடைசிக் கேள்வி முக்கியமானது. ஸ்டீராய்டு மருந்துகள், மனநலத்துக்கான சில மருந்துகள், இன்சுலின் ஆகியவற்றால் எடை கூடலாம். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு குறைபாட்டையும் ஓர் இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.

எடையைக் குறைக்கும் வார ஊசிகளைப் பற்றியும் இப்போது பலர் கேட்கின்றனர். அவை தகுந்தவர்களுக்குப் பயன் தருபவையே. ஆனால் நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடும். எனவே தொடர்ந்து வாங்க இயலுமா என்று எண்ணிப் பார்க்காமல் கடன் வாங்கித் தொடங்க வேண்டாம். விளம்பரங்களில் வரும் பொடிகளுக்கும் கஷாயங்களுக்கும் பணத்தைச் செலவிடுவதைவிட அந்தப் பணத்தில் காயும் முட்டையும் வாங்குவது மேல்.

துணையிருப்போருக்கு ஒரு சொல்

எடையைச் சுட்டிக் கேலி செய்வதால் எவருக்கும் எடை குறைவதில்லை. மனம் நொந்தவர் ஒளித்து உண்கிறார். வெளியே நடக்கவும் கூசுகிறார். நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் என்ற ஏற்பாடும் நீடிப்பதில்லை. எண்ணெய் குறைந்த குழம்பையும் சர்க்கரை குறைந்த தேநீரையும் வீடு முழுவதும் ஏற்றுக்கொண்டால் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கும் அது காப்பு. சமைப்பவர் தம் தட்டிலும் காயும் முட்டையும் இருக்கும்படி எல்லாருடனும் சேர்ந்து உண்ணட்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களும் ஆண்டுக்கு ஒரு முறை தங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தனிமனித முயற்சி மட்டும் போதுமா?

போதாது. மெக்சிகோ நாடு 2014இல் சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி விதித்தது. அவற்றை வாங்குவது குறைந்தது. வறிய குடும்பங்களில் அந்தக் குறைவு மேலும் கூடுதலாக இருந்தது. பிரிட்டன் 2018இல் பானத்தில் உள்ள சர்க்கரை அளவுக்கேற்ப வரி விதித்தபோது, நிறுவனங்களே பானங்களில் சர்க்கரையைக் குறைத்தன. சிலி நாடு 2016 முதல் சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. எழுதப் படிக்க அதிகம் தெரியாதவரும் அதைக் கண்டு புரிந்துகொள்ளலாம். கேரளம் 2016இல் உணவகங்களின் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 விழுக்காடு வரி விதித்தது.

வரி மட்டும் இருந்து, நல்ல உணவு எட்டாத விலையில் இருந்தால் ஏழைக்குச் சுமைதான் மிஞ்சும். அதனால் நல்லதை எளிதாக்கும் திட்டங்களும் உடன் வேண்டும். தமிழகத்தில் அதற்கான அடித்தளம் இருக்கிறது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு பெறும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்தும் தருகின்றனர். மருத்துவமனைக்கு வந்தால் கூலி போகுமே என்று தயங்குபவர்களுக்கு இது பெரிய உதவி. உங்கள் தெருவுக்கு வரும் பணியாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

பகுதி சபைக் கூட்டத்திலும் கிராம சபையிலும் நடைபாதை, தெருவிளக்கு, பூங்கா, மாலையிலும் திறந்திருக்கும் காய்கறிச் சந்தை ஆகியவற்றைக் கேட்பது மக்களின் உரிமை. தொழிற்சாலை உணவகத்தில் ஒரு கரண்டிக் காய் கூடுதலாக வைக்கச் சொல்வதும், உணவு இடைவேளையைக் குறைக்காதிருக்கக் கோருவதும் நல்வாழ்வுக்கான கோரிக்கைகளே.

எடை கூடியதற்கு உங்களை மட்டுமே நொந்துகொள்ள வேண்டாம். அதைக் குறைப்பது இயலாது என்றும் கைவிட வேண்டாம். இந்த வாரம் ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். தேநீரில் ஒரு கரண்டிச் சர்க்கரை குறைவதாகவோ, பேருந்திலிருந்து ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்குவதாகவோ அது இருக்கட்டும். இடுப்புச் சுற்றளவை இன்று அளந்து, தேதியுடன் மருத்துவக் குறிப்பேட்டின் பின்புறம் எழுதி வைத்து, அடுத்த முறை வரும்போது அதைக் கொண்டு வாருங்கள்.